குழந்தை ஈட்டிய பொருள் யாருக்கு உரியது?

முதன்முதலாக வாங்கிய சம்பளத்தைத் தாயின் கையில் வைத்து வணங்குவது நம் குடும்பங்களில் இன்றும் காணப்படும் வழக்கம். ஊரைவிட்டு வெகுதொலைவு வந்து படிக்கும் நம்மில் பலர் அந்த நாளை எண்ணிக்கொண்டேதான் படிக்கிறோம். அங்கே கொடுப்பவன் வளர்ந்த மகன், தான் ஈட்டியது எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு என்பதை அறிந்தவன், விரும்பிக் கொடுப்பவன். ஆனால், ஆறு வயதுக் குழந்தை ஒன்று பெருஞ்செல்வம் ஈட்டுமானால் அச்செல்வம் யாருக்கு உரியது? குழந்தைக்கா, பெற்றோருக்கா? பெற்றோரே அதைச் செலவிட்டுத் தீர்த்துவிட்டால், வளர்ந்தபின் அக்குழந்தை யாரிடம் சென்று முறையிடுவது?

இவ்வினாவை உலகத்தின் முன் நிறுத்தியது ஒரு நடிகரின் வாழ்க்கை. அவர் பெயர் ஜாக்கி கூகன். சார்லி சாப்ளினின் "தி கிட்" என்னும் படத்தைப் பார்த்தவர்கள், கிழிந்த காற்சட்டையும் பெரிய தொப்பியும் அணிந்து, வீட்டுச் சன்னல்களின் மீது கல்லெறிந்து ஓடும் அந்தச் சிறுவனை மறந்திருக்கமாட்டார்கள். அச்சிறுவன்தான் ஜாக்கி கூகன். அவர் வாழ்க்கையைக் கற்பது ஒரு நடிகரின் கதையை அறிவதற்காக மட்டும் அன்று. ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, பிறந்த சட்டம் ஏன் உடனே பயன் தருவதில்லை என்பதையும் அவ்வாழ்க்கை நமக்கு விளக்குகிறது.

மேடையிலிருந்து திரைக்கு

ஜாக்கி கூகன் 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜாக் கூகன் என்பதே. அவர் ஆடலும் நகைச்சுவையும் கலந்த பல்சுவை மேடைக் காட்சிகளில் ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்தவர். நடக்கப் பழகிய குழந்தை மேடையேறப் பழகியதில் வியப்பில்லை. பார்த்ததை அப்படியே திருப்பிச் செய்து காட்டும் ஆற்றல் அவனுக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

1919-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்ஃபியம் அரங்கில் தந்தையோடு மேடையேறிய சிறுவனைச் சாப்ளின் கண்டார். அப்போது அவனுக்கு வயது நான்கு. சாப்ளின் தம் பச்சிளங் குழந்தையைப் பறிகொடுத்திருந்த காலம் அது. சிறுவன் ஒருவனைத் துணையாகக் கொண்டு ஒரு படம் எடுக்கலாம் என்னும் எண்ணம் அவருள் முளைத்தது. கூகனை மற்றொரு நகைச்சுவை நடிகரான ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்துவிட்டார் என்ற செய்தி கேட்டு அவர் வருந்தினார். பிறகுதான் தெரிந்தது, ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்தது தந்தையை, மகனை அன்று என்பது! மகனை நடிக்க அனுப்பத் தந்தையும் மகிழ்ச்சியோடு இசைந்தார்.

"தி கிட்" 1921-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. சாப்ளின் இயக்கிய முதல் முழுநீளப் படம் அதுவே. தெருவில் கிடந்த குழந்தையை ஏழை ஒருவன் எடுத்து வளர்க்கிறான். ஐந்தாண்டு கழித்து அதிகாரிகள் வந்து அவனை அநாதை விடுதிக்கு இழுத்துச் செல்கிறார்கள். வண்டியில் ஏற்றப்பட்ட சிறுவன் கைகளை விரித்துக் கதறும் காட்சி பேசாப்பட உலகின் சிறந்த காட்சிகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

அந்த அழுகை எப்படி வந்தது என்பதைச் சாப்ளின் 1964-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். குறும்பும் களிப்புமாக இருந்த சிறுவனுக்கு அழுகை வரவில்லை. நான் அழ வைக்கிறேன் என்று தந்தை முன்வந்தார். நீ அழாவிட்டால் உன்னை உண்மையாகவே அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மகனை அச்சுறுத்தினார். குழந்தை தேம்பித் தேம்பி அழுதது, படமும் எடுக்கப்பட்டது. உலகத்தை உருக்கிய கண்ணீர் நடிப்பினால் மட்டும் வந்ததன்று. குழந்தையின் கலையில் எது நடிப்பு, எது உண்மைத் துன்பம் என்று பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

புகழும் பொருளும்

ஒரே படத்தால் ஜாக்கி கூகன் உலகப் புகழ் பெற்றான். அடுத்த ஆண்டே டிக்கன்சின் "ஆலிவர் டுவிஸ்ட்" கதையில் ஆலிவராக நடித்தான். தொடர்ந்து "டாடி", "சர்க்கஸ் டேஸ்", "எ பாய் ஆஃப் ஃபிளாண்டர்ஸ்", "தி ராக் மேன்" எனப் படங்கள் வரிசையாக வெளிவந்தன. தந்தை தம் மேடைத் தொழிலை விட்டுவிட்டு மகனின் தொழிலைக் கவனிக்கத் தொடங்கினார். மகன் பெயரிலேயே படத் தயாரிப்பு நிறுவனம் ஏற்பட்டது. 1923-இல் மெட்ரோ நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கு மட்டுமே 5 இலட்சம் டாலர் கிடைத்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. பொம்மை, ஊதுகுழல், எழுதுதாள், நிலக்கடலை வெண்ணெய் என்று கடைப்பொருள்கள் பலவும் அவன் பெயரும் படமும் தாங்கி விற்பனைக்கு வந்தன.

புகழ் நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது. முதல் உலகப் போரையும் அதனையொட்டி நிகழ்ந்த கொடுமைகளையும் தொடர்ந்து ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அநாதைகளாயினர். அவர்களுக்காக 1924-இல் "அண்மைக் கிழக்கு நிவாரண" அமைப்பின் சார்பில் ஜாக்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் செய்தான். பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள உணவும் உடையும் பிற உதவிகளும் திரண்டன. பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன் உரோமில் போப்பாண்டவரைக் கண்டு வந்தான்.

குழந்தைப் பருவத்தில் அவன் ஈட்டிய மொத்தப் பொருள் 30 முதல் 40 இலட்சம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இத்தொகையின் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். அந்நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலர். மதிப்பீட்டின் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும், நாட்டின் தலைவர் 40 ஆண்டு பணியாற்றிப் பெறவேண்டிய தொகையை ஒரு சிறுவன் தன் பதின்மூன்று வயதுக்குள் பெரும்பாலும் ஈட்டிவிட்டான்!

வளர்ச்சியே தடையாயிற்று

பிற தொழில்களில் ஆண்டுகள் ஏற ஏறத் தேர்ச்சி கூடும், மதிப்பும் கூடும். குழந்தை நடிகனுக்கோ வளர்ச்சியே பகை. இந்த உண்மையைத் தமிழ் நாடக உலகம் நன்றாக அறியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை கண்ட காலந்தொட்டு, சிறுவர்களே எல்லா வேடமும் தாங்கி நடித்த கம்பெனிகள் நம்மிடையே செழித்திருந்தன. எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் அத்தகைய கம்பெனிகளில் சிறுவராகச் சேர்ந்து வளர்ந்தவர்களே. அங்கே பிள்ளைகளின் குரல் உடையும் பருவத்தை "மகரக்கட்டு" என்பார்கள். நேற்றுவரை கூட்டத்தைக் கட்டிப் போட்ட பாட்டுக்காரப் பையன், மகரக்கட்டு வந்ததும் வேடமின்றி ஒதுங்கி நிற்பான்.

ஜாக்கி நடித்தவை பேசாப்படங்கள்; ஆதலால் குரல் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. முகமும் உயரமும் காட்டிக் கொடுத்தன. 1927-இல் "ஜானி, முடியை வெட்டிக்கொள்" என்னும் பொருள்படும் பெயரில் வந்த படத்தில், உலகம் அறிந்த அவனது நீண்ட முடி கத்தரிக்கப்பட்டது. முடி குறைந்ததோடு குழந்தை மறைந்தது. குழந்தை மறைந்ததோடு வாய்ப்பும் மறையத் தொடங்கிற்று. பேசும்படம் வந்தபின் 1930-இல் "டாம் சாயர்", 1931-இல் "ஹக்கிள்பெரி ஃபின்" ஆகிய படங்களில் டாம் சாயராக நடித்தார். அதன்பின் கல்லூரிப் படிப்பில் காலம் கழிந்தது.

1935-ஆம் ஆண்டு மே மாதம் பெருந்துன்பம் நேர்ந்தது. கலிபோர்னியாவின் மலைப்பாதையில் அவர்கள் சென்ற கார் கவிழ்ந்தது. தந்தையும், "ஹக்கிள்பெரி ஃபின்" படத்தில் உடன் நடித்த நண்பர் ஜூனியர் டர்கினும், மற்றும் இருவரும் இறந்தனர். காரில் இருந்தவர்களுள் உயிர் தப்பியவர் ஜாக்கி ஒருவரே.

தாயின் மீது வழக்கு

அதே ஆண்டு அக்டோபரில் ஜாக்கிக்கு 21 வயது நிறைந்தது. அக்காலச் சட்டப்படி அதுவே உரிமை வயது. தாம் ஈட்டிய பொருளெல்லாம் தமக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே அவர் நம்பியிருந்தார். வயது வந்தது, பொருள் வரவில்லை. குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பவரைத் தாய் மறுமணம் செய்துகொண்டார். செல்வம் அவ்விருவர் கையில் இருந்தது.

1938-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி கூகன் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குத் தொடுத்தார். நாடே அதிர்ந்தது. திரையில் தாயற்ற பிள்ளையாக நின்று எல்லாத் தாய்மாரையும் அழ வைத்தவன், நீதிமன்றத்தில் பெற்ற தாயின் எதிரே நின்றான். பொருளில் பெரும்பகுதி உடைகளிலும் நகைகளிலும் கார்களிலும் கரைந்துபோயிருந்தது. இளமைப் பருவத்தில் மகன் ஈட்டிய ஒவ்வொரு காசும் சட்டப்படி பெற்றோருக்கே உரியது என்பது எதிர்த்தரப்பினர் வாதம்.

வழக்கு 1939-இல் சமரசத்தில் முடிந்தது. எஞ்சியிருந்த சொத்து ஏறத்தாழ 2,50,000 டாலர். அதில் ஜாக்கியின் பங்காக வந்தது 1,26,000 டாலர். கணக்கிட்டுப் பார்த்தால், நூறு டாலர் ஈட்டியவனுக்குக் கிடைத்தது மூன்று அல்லது நான்கு டாலர்! அந்தக் கடினமான நாட்களில் அவருக்குப் பொருளுதவி செய்தவர்களுள் சாப்ளினும் ஒருவர். சாப்ளினே வறுமையில் வாடி அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் இருந்தவர். சிறுவயதிலேயே மேடையில் ஆடிப் பிழைத்தவர். ஒரு குழந்தை நடிகனின் துன்பம் மற்றொரு குழந்தை நடிகனுக்குத்தானே தெரியும்!

சட்டம் ஏன் தாயின் பக்கம் நின்றது?

இங்கே மாணவர்களாகிய நாம் சற்று நின்று எண்ணவேண்டும். தாயும் மாற்றாந்தந்தையும் சொன்னது வெறும் பொய்யன்று. சட்டம் உண்மையில் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலிருந்து வந்த கொள்கை அது. பெற்றோர் குழந்தைக்கு உணவும் உடையும் உறைவிடமும் தரக் கடமைப்பட்டவர். அதற்கு ஈடாகக் குழந்தையின் உழைப்பும் ஊதியமும் அவர்களுக்கு உரியவை என்பது அதன் கருத்து. வயலிலும் பட்டறையிலும் பிள்ளைகள் பெற்றோருக்குத் துணையாக உழைத்த காலத்துக்கு இக்கொள்கை ஒருவாறு பொருந்தியது. பிள்ளை கொண்டுவரும் சில காசுகள் அவன் உண்ணும் சோற்றுக்கே போதா.

கூகனின் வீட்டிலோ நிலைமை தலைகீழாக இருந்தது. பெற்றோர் பிள்ளைக்குச் சோறு போடவில்லை. பிள்ளை பெற்றோருக்குச் சோறு போட்டான், மாளிகையும் வாங்கித் தந்தான். காரணம் மறைந்தபின்னும் சட்டம் மட்டும் நின்றது. காலத்தோடு மாறாத சட்டம் நீதியின் பெயராலேயே அநீதி செய்யும் என்பதற்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டு.

கூகன் சட்டமும் அதன் ஓட்டையும்

மக்கள் மனம் கொதித்தது. 1939-இலேயே கலிபோர்னியச் சட்டமன்றம் குழந்தை நடிகர்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. "கூகன் சட்டம்" என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கூகனுக்கு அதனால் ஒரு டாலரும் கிடைக்கவில்லை. அவர் இழப்பு முன்பே நிகழ்ந்துவிட்டது.

அச்சட்டத்தின் அமைப்பு நுட்பமானது. வயது வராதவன் செய்யும் ஒப்பந்தத்தை அவன் பின்னால் மறுத்துவிடலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொது விதி. பெருந்தொகை செலவிட்டுப் படம் எடுப்பவர்கள் இதற்கு அஞ்சினார்கள். ஆகவே, நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால் ஒப்பந்தத்தை மறுக்க முடியாது என்று ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. கூகன் சட்டம் அந்த இடத்தைப் பற்றிக்கொண்டது. ஒப்புதல் தரும்போது, குழந்தையின் நிகர ஊதியத்தில் பாதி வரை தனி அறக்கணக்கில் சேமிக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்று கூறியது.

"ஆணையிடலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆணையிட்டே தீரவேண்டும் என்று சட்டம் கூறவில்லை. மேலும், நீதிமன்றத்துக்கு வந்த ஒப்பந்தங்களுக்கு மட்டுமே இப்பாதுகாப்பு. சில நாள் வேலைக்காகப் பேசிக்கொள்ளும் சிறு ஒப்பந்தங்கள் நீதிமன்ற வாயிலை மிதிப்பதே இல்லை. ஆணை பிறந்த இடத்திலும் அது நிறைவேறியதா என்று பார்ப்பார் இல்லை. கூகனுக்குப் பின் குழந்தை நடிகையாக உலகை ஆண்ட ஷெர்லி டெம்பிள் 1988-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், நீதிமன்றம் ஆணையிட்ட பங்கு தம் கணக்கில் செலுத்தப்படாமல் போனதையும், ஈட்டியதில் மிகச் சிறு பகுதியே எஞ்சியதையும் எழுதியிருக்கிறார். சட்டப் புத்தகத்தில் விதி இருந்தது. குழந்தையின் கணக்கில் பணம் இல்லை.

இந்தியாவுக்கு வந்த கூகன்

வழக்கு முடிந்த அதே 1939-இல், இரண்டாண்டுகளுக்கு முன் மணந்த நடிகை பெட்டி கிரேபிளோடு இருந்த மணவாழ்வும் முறிந்தது. பொருள் போயிற்று, வீடு போயிற்று, தாயுறவும் கசந்தது. இருபத்தைந்து வயதில் இவ்வளவும் இழந்தவர் நொடிந்துபோவார் என்றே எவரும் எண்ணுவர். கூகன் நொடியவில்லை.

1941-இல் அவர் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். பின்னர் விமானப் பிரிவுக்கு மாறி, இயந்திரமில்லாத சறுக்கு விமானங்களை ஓட்டும் பயிற்சி பெற்றார். வேறொரு விமானம் கயிற்றால் இழுத்துச் சென்று விட, காற்றிலேயே மிதந்து இறங்கும் ஊர்தி அது. இறங்கும் இடம் தவறினால் மீண்டும் மேலே எழும்ப வழியில்லை. 1943 டிசம்பரில் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1944 மார்ச் 5-ஆம் நாள் இரவு, அசாமின் லாலாகாட் வான்தளத்திலிருந்து அச்சறுக்கு விமானங்கள் புறப்பட்டன. விங்கேட் தலைமையில் இயங்கிய "சிந்திட்" படையினரை, பர்மாவில் ஜப்பானியர் அணிகளுக்குப் பின்னால், காட்டினிடையே இருந்த வெட்டவெளியில் இறக்குவது அவற்றின் பணி. அவ்வாறு வீரர்களைச் சுமந்து சென்று இறக்கிய விமானிகளுள் கூகனும் ஒருவர். அசாமிலும் வடகிழக்கிலும் படிக்கும் நம் தோழர்கள், சாப்ளினின் சிறுவன் வளர்ந்து போர்வீரனாகி வானேறிய மண் தம் அருகில்தான் உள்ளது என்பதை நினைவில் கொள்ளலாம்.

போருக்குப்பின் அவர் மீண்டும் நடிக்க வந்தார். பழைய புகழைத் தேடி அழவில்லை. கிடைத்த வேடங்களை ஏற்றார். தொலைக்காட்சி வளர்ந்த காலம் அது. 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பான "தி ஆடம்ஸ் ஃபேமிலி" என்னும் தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக நடித்தார். மழித்த தலை, கருவளையம் சூழ்ந்த கண்கள், பருத்த உடல். மின்விளக்கை வாயில் வைத்தால் அது எரியும்! அதைக் கண்டு சிரித்த பிள்ளைகள், தங்கள் தாத்தா பாட்டியை அழ வைத்த அழகுச் சிறுவன் இவரே என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஒருவர் வாழ்வில் இருமுறை, நாற்பதாண்டு இடைவெளியில், முற்றிலும் வேறான இரு உருவங்களில் புகழ் வந்து சேர்வது அரிது. உழைப்பை விடாதிருந்தவருக்கு அது வாய்த்தது. 1984 மார்ச் 1-ஆம் நாள் தமது 69-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அறுபதாண்டுக்குப் பின் அடைத்த ஓட்டை

கூகன் சட்டத்தின் ஓட்டை அடைபட அறுபது ஆண்டுகள் பிடித்தன. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் மூன்று செய்திகளை உறுதி செய்தது. முதலாவது, குழந்தை நடிகர் ஈட்டும் ஊதியம் குழந்தையின் சொத்தே, பெற்றோரின் சொத்தன்று. இரண்டாவது, மொத்த ஊதியத்தில் நூற்றுக்கு 15 பங்கை, வயது வரும் வரை எடுக்க முடியாத அறக்கணக்கில் செலுத்தியாக வேண்டும். மூன்றாவது, அப்பங்கைச் செலுத்தும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது பொருந்தும். "செய்யலாம்" என்றிருந்தது "செய்யவேண்டும்" என்றாயிற்று. அக்கணக்குக்கு மக்கள் வழக்கில் "கூகன் கணக்கு" என்றே பெயர்.

இவ்விதி அன்றே இருந்திருந்தால்? 30 இலட்சம் டாலருக்கு 15 விழுக்காடு 4,50,000 டாலர். வட்டியைச் சேர்க்காமலே, அவர் வழக்காடிப் பெற்ற தொகையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல்! தாயோடு வழக்காடவேண்டிய தேவையும் இருந்திராது.

காலம் மாறக் களமும் மாறுகிறது. இன்று குழந்தைகளின் முகம் படக்கொட்டகையைவிடக் கைபேசித் திரையில்தான் மிகுதியாகத் தெரிகிறது. இணையக் காணொளிகளில் தோன்றிப் பொருள் ஈட்டும் குழந்தைகளுக்கும் கலிபோர்னியா தன் பாதுகாப்பை விரிவுபடுத்தியது. அச்சட்டங்கள் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன.

நம் நாட்டில்

நம் சட்டம் வேறொரு வழியில் தொடங்குகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. குழந்தையைக் காக்க எழுந்த இக்கொள்கை சில வேளை குழந்தைக்கே எதிராகவும் திரும்பும். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1940-களின் இறுதியில் தீர்ப்பான ஒரு வழக்கை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் படித்திருப்பார்கள். ஒரு சிறுமியைப் படத்தில் நடிக்க வைப்பதாகத் தயாரிப்பாளர் அவள் தந்தையோடு ஒப்பந்தம் செய்தார்; பிறகு வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சிறுமியின் சார்பில் இழப்பீடு கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாது, ஆகவே வழக்கும் நிற்காது என்று தீர்ப்பாயிற்று.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டாலும், பள்ளிப் படிப்பு கெடாத வகையில் திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராகப் பங்கு பெறலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு வரம்பு கட்டின. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்க வைக்கக்கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணிக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை கூடாது. மாவட்ட நடுவரான ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக்கூடாது. ஊதியத்தில் குறைந்தது நூற்றுக்கு 20 பங்கை, நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தையின் பெயரிலேயே நிலை வைப்பாக நேரடியாகச் செலுத்தவேண்டும். வயது வந்ததும் அது குழந்தைக்குச் சேரும்.

கலிபோர்னியா 15 என்றது. நாம் 20 என்றோம். எண்ணில் நாம் ஒரு படி மேலே நிற்கிறோம். ஆயினும் கூகன் சட்டத்தின் அறுபதாண்டு வரலாறு கற்பிப்பது எண்ணைப் பற்றியதன்று. விதியை நிறைவேற்றுவது யார் கடமை, நிறைவேற்றாவிட்டால் கேட்பவர் யார் என்பதைப் பற்றியது. நகரந்தோறும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பாட்டுப் போட்டிகளுக்கும் விளம்பரங்களுக்கும் குழந்தைகளைப் பெற்றோர் அழைத்துச் செல்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் இவ்விதியைக் கேட்டிருப்பார்கள்? வணிகவியல் படிக்கும் நண்பர் நாளை ஒரு படநிறுவனத்தின் கணக்கராகலாம். சட்டம் படிக்கும் நண்பர் அதன் வழக்கறிஞராகலாம். ஆட்சிப் பணிக்குப் போகும் நண்பர் அனுமதி தரும் ஆட்சியராகவே அமரலாம். அந்த மேசைக்கு ஒரு குழந்தையின் ஒப்பந்தம் வரும்போது, வைப்புத்தொகைச் சீட்டு எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பெற்றோரின் அன்பை ஐயுறுவது இதன் நோக்கமன்று. கூகனின் தந்தையும் மகனை வெறுத்தவர் அல்லர். ஆனால் அன்பும் பெரும்பணமும் ஒரே கையில் இருக்கும்போது, கணக்கு வேறொரு கையில் இருப்பது அன்புக்கே பாதுகாப்பு. கணக்குத் தெளிவாக இருந்திருந்தால் ஒரு மகன் தாயை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கமாட்டான். ஒரு தாயும் மகனை இழந்திருக்கமாட்டாள்.

இன்று கலிபோர்னியாவில் ஒரு குழந்தை நடிக்கத் தொடங்கினால், அதன் பெயரில் ஒரு கூகன் கணக்குத் திறக்கவேண்டும். அப்பெயருக்கு உரியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருந்ததில்லை. தமக்குக் கிடைக்காத காவலைப் பின்வந்த குழந்தைகளுக்கெல்லாம் தம் பெயராலேயே விட்டுச் சென்றவர் ஜாக்கி கூகன். அவர் நடித்த படங்களைவிட நெடுங்காலம் வாழப்போவது அந்தப் பெயரே.